டொக் டொக்னு சத்தம் போடும் பழைய காரும், எர்ல் மெக்ஃபெர்சன் என்ற இன்ஜினீயரும்!

ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கும்போது முன்பக்கம் டொக்னு ஒரு சத்தம். முதல் வாரம் பாட்டு சவுண்டைக் கூட்டி வெச்சு சமாளிப்போம். இரண்டாவது வாரம் சின்னப் பள்ளத்துக்கே சத்தம் வரும். மூன்றாவது வாரம் மெக்கானிக்கிடம் போனால், அவர் காருக்கு அடியில டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு ஒரு லிஸ்ட் சொல்வார். ஸ்ட்ரட் லீக், ஸ்ட்ரட் மவுண்ட் காலி, லோயர் ஆர்ம் புஷ் கிழிஞ்சிருக்கு, பால் ஜாயின்ட் ஆடுது, லிங்க் ராடு மாத்தணும்.

பத்து வருஷம் ஓடின செகண்ட் ஹேண்ட் கார் வெச்சிருக்கிற யாரும் இந்த லிஸ்ட்ல இருந்து தப்பிக்க முடியாது. ஆனா, அந்த லிஸ்ட்டுக்குப் பின்னாடி ஒரு மனுஷர் இருக்கார். கார் ரிவ்யூ படிக்கும்போது அவர் பெயரை நூறு தடவையாவது கடந்து போயிருப்பீங்க. ஃப்ரன்ட் சஸ்பென்ஷன் என்ற கட்டத்துக்கு நேரா மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்னு போட்டிருக்குமே, அவர்தான். அது ஏதோ கம்பெனி பேர்னுதான் பல பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. இல்லை. எர்ல் ஸ்டீல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்க இன்ஜினீயரின் பெயர் அது.

1891-ல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஹைலேண்ட் பார்க்கில் பிறந்தவர். அவர் பிறந்தபோது அமெரிக்காவில் கார் என்ற பொருளே கிட்டத்தட்ட கிடையாது. அவர் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த 1915-லோ டெட்ராய்ட் நகரம் கார்களாகவே பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தது. இன்ஜினீயரிங் முடிச்ச பையன் வேற எங்கே போவான்? டெட்ராய்ட்டுக்குப் போனார். சால்மர்ஸ் கம்பெனியில் வேலை.

அப்புறம் முதல் உலகப்போர். ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் விமான இன்ஜின் வேலை பார்த்தார். திரும்பி வந்து லிபர்ட்டி என்ற கார் கம்பெனி, அதன் பிறகு 1923-ல் ஹப்மொபைல் கார்களைத் தயாரித்த ஹப் கம்பெனி. இந்தப் பெயர்களில் ஒன்றுகூட நமக்குத் தெரியாது இல்லையா? அதுதான் அந்தக் காலம். சால்மர்ஸ், லிபர்ட்டி, ஹப் மூன்றுமே பிறகு காணாமல் போய்விட்டன. வேலை பார்த்த இடமெல்லாம் கைமாறி, கடை மூடி, சுருங்கிப் போவதைப் பார்த்தபடியேதான் மெக்ஃபெர்சன் தொழில் கற்றார். 1934-ல் ஜெனரல் மோட்டார்ஸுக்குள் வந்தபோது அவருக்கு வயது 43. அங்கிருந்து செவர்லே பிரிவின் டிசைன் வேலைக்குப் போனார்.

இதுவரைக்கும் பார்த்தால் சாதாரண ஆபீஸ் வாழ்க்கை. அவர் பெயர் நிலைக்கக் காரணமான வேலை கைக்கு வந்தபோது அவருக்கு 50 வயது தாண்டிவிட்டது. இருபத்தஞ்சு வயசுக்குள்ள எதுவும் சாதிக்கலைன்னா முடிஞ்சுதுன்னு ரீல்ஸ் போடுறவங்க கவனிக்க.

ஆயிரம் டாலர் கார்

1945. இரண்டாம் உலகப்போர் முடியப்போகிறது. போர் முடிந்தால் பொருளாதாரம் படுத்துவிடும், மக்கள் கையில் காசு இருக்காது, சின்ன கார்தான் விற்கும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் கணக்குப் போட்டது. 1,000 டாலருக்குள் ஒரு கார். அதை உருவாக்கும் பிரிவுக்குத் தலைமைப் பொறியாளர் மெக்ஃபெர்சன். காரின் பெயர் செவர்லே கேடட்.

அமெரிக்கக் கார்கள் அப்போது கப்பல் மாதிரி இருக்கும். கேடட்டின் எடையோ சுமார் 2,200 பவுண்டு, அதாவது நம்ம கணக்கில் 1,000 கிலோ. நாலு பேர் உட்காரலாம். இங்கேதான் ஒரு சிக்கல்.

கனமான காரில் நாலு பேர் ஏறினால் காருக்குப் பெரிதாகத் தெரியாது. லேசான காரில் நாலு பேர் ஏறினால் மொத்த எடையில் அது பெரிய பங்கு. ஸ்பிரிங்கை இறுக்கமாக வைத்தால் டிரைவர் மட்டும் போகும்போது மாட்டு வண்டி மாதிரி தூக்கிப் போடும். இளக்கமாக வைத்தால் குடும்பத்தோடு போகும்போது அடி தட்டும். இதனாலேயே அந்தக் காலத்துச் சின்ன கார் என்றால் இடுப்பு வலி என்று அர்த்தம். விலை கம்மியா வேணும்னா முதுகைக் கொடு என்பதுதான் எழுதப்படாத ஒப்பந்தம்.

மெக்ஃபெர்சன் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். விலை குறைந்த காரும் பெரிய கார் மாதிரி மெத்தென்று போகணும். அதற்கு நாலு சக்கரமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல், தனித்தனியாக, நிறைய தூரம் ஏறி இறங்கணும். அப்படிப்பட்ட சஸ்பென்ஷன் அப்போதும் இருந்தது. ஆனால், ஒரு சக்கரத்துக்கு மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், நடுவில் ஸ்பிரிங், தனியாக ஒரு ஷாக் அப்சார்பர், இவற்றுக்கெல்லாம் ஏகப்பட்ட ஜாயின்ட். நாலு சக்கரத்துக்கும் போட்டால் ஆயிரம் டாலர் கணக்கு எங்கேயோ போய்விடும்.

அவர் போட்ட கணக்கு வேறு. ஷாக் அப்சார்பர் எப்படியும் இருக்கத்தான் போகிறது. அதையே ஏன் சக்கரத்தைத் தாங்குகிற தூணாகவும் ஆக்கக் கூடாது? ஷாக்கின் கீழ்ப்பகுதியைச் சக்கரத்தோடு இறுக்கிப் பிணைத்துவிட்டு, மேல் முனையைக் காரின் பாடியிலேயே மாட்டிவிட்டால் மேல் ஆர்ம் தேவையில்லை. ஸ்பிரிங்கையும் அந்தத் தூணைச் சுற்றியே மாட்டலாம். கீழே ஒரே ஒரு ஆர்ம் போதும். முடிஞ்சது.

பாதி வேலையைக் குறைத்துவிட்டார். அந்தத் தூணுக்குத்தான் ஸ்ட்ரட் என்று பெயர்.

எல்லாமே அவர் மூளையில் மட்டும் உதித்ததா என்றால், இல்லை. 1920-களிலேயே ஃபியட்டின் குய்டோ ஃபோர்னாகா இதே திசையில் யோசித்து காப்புரிமை வாங்கியிருக்கிறார். விமானங்களின் இறங்கு சக்கரத்திலும் இப்படிப்பட்ட தூண் உண்டு. மெக்ஃபெர்சன் விமான இன்ஜின் பக்கம் வேலை பார்த்தவர் என்பதால் சிலர் இரண்டையும் முடிச்சுப் போடுவார்கள். அது எனக்குக் கொஞ்சம் ஓவராகத் தெரிகிறது. ஆனால், ஆயிரக்கணக்கில் தயாரித்து, குறைந்த விலையில் ஒரு காருக்கு அடியில் மாட்டக்கூடிய பொருளாக அதை ஆக்கியவர் இவர்தான். அதுல சந்தேகமே வேணாம்.

கார் வரவேயில்லை

கேடட் சோதனைக் கார்கள் ஓடின. நன்றாகவே ஓடின. ஆனால், ஜெனரல் மோட்டார்ஸ் போட்ட கணக்கு தப்பிப் போனது. போர் முடிந்ததும் மக்கள் வறுமையில் விழவில்லை. கார் வாங்கக் கியூவில் நின்றார்கள். எந்த காரைக் கொடுத்தாலும் விற்றது. பெரிய காரில் லாபம் அதிகம். இரும்புக்கோ தட்டுப்பாடு. இருக்கிற இரும்பில் லாபம் குறைவான சின்ன காரை எதுக்குச் செய்யணும்? போதாக்குறைக்கு ஆயிரம் டாலருக்குள் அடக்குவதும் கஷ்டம் என்று தெரிந்தது. 1947-ல் கேடட்டை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு வருடம் உயிரைக் கொடுத்துச் செய்த கார். அதைக் கடையில் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதே 1947-ல் அவர் ஜெனரல் மோட்டார்ஸை விட்டு வெளியேறி, நேர் எதிரியான ஃபோர்டில் சேர்ந்தார்.

ஃபோர்டு அப்போது இருந்த நிலை சொன்னால் சிரிப்பு வரும். 1908-ல் வந்த மாடல் டி காலத்து அமைப்பையே, அதாவது முன் அச்சின் மேல் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங் போடுவதையே, 1948 வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்கு அடியில இருக்குமே பட்டை, அதைக் குறுக்கே திருப்பிப் போட்டதா நினைச்சுக்கோங்க. ஹென்றி ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்து, வெளியிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து கம்பெனியைத் தூசி தட்டிக்கொண்டிருந்த நேரம் அது. மெக்ஃபெர்சன் அப்படி வந்தவர்களில் ஒருவர்.

ஆனால், டெட்ராய்ட்டில் அவருடைய ஸ்ட்ரட்டுக்கு உடனே வேலை இல்லை. காரணம் டெக்னிக்கலானது. ஸ்ட்ரட்டின் மேல் முனை உயரத்தில், பாடியில் மாட்டுகிறது. அந்த இடம் பலமாக இருக்க வேண்டும். அமெரிக்கப் பெரிய கார்களில் அடியில் தனிச் சட்டம், அதற்கு மேல் பாடி என்ற அமைப்பு. ஸ்ட்ரட் ஒட்டிக்கொள்ள அங்கே தோள் கிடையாது. பாடியும் சட்டமும் ஒன்றாகவே இருக்கிற கார் வேண்டும்.

அப்படி ஒரு கார் இங்கிலாந்தில் தயாராகிக்கொண்டிருந்தது. 1950 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் ஃபோர்டு கான்சல், ஸெஃபர் என்ற இரண்டு கார்கள் வெளிவந்தன. முன்பக்கம் மெக்ஃெபர்சன் ஸ்ட்ரட். கேடட்டுக்காகப் பிறந்த யோசனை கடல் தாண்டிப் போய் ரோட்டில் ஓட ஆரம்பித்தது.

1953-ல் ஒரு வேடிக்கை நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தபோது 1947-ல் விண்ணப்பித்த சஸ்பென்ஷன் காப்புரிமை ஜனவரியில் கிடைத்தது. ஃபோர்டுக்கு வந்தபின் 1949-ல் விண்ணப்பித்தது நவம்பரில் கிடைத்தது. ஒரே வருடத்தில், ஒரே மனிதரின் பெயரில், ஜென்ம விரோதிகளான இரண்டு கம்பெனிகளுக்கும் காப்புரிமை!

இப்போ உங்க காருக்கு அடியில் வருவோம்

மெக்ஃபெர்சன் செய்த சிக்கனம்தான் இன்றைக்கு மெக்கானிக் சொல்கிற லிஸ்ட்டுக்கும் காரணம். ஒரே ஆள் மூணு பேர் வேலையைப் பார்த்தால் என்ன ஆகும்? சீக்கிரம் களைத்துப் போவார். ஸ்ட்ரட்டும் அப்படித்தான்.

தனியாக இருக்கிற ஷாக் அப்சார்பருக்கு மேலும் கீழும் போவது மட்டும்தான் வேலை. ஸ்ட்ரட்டுக்கோ பிரேக் பிடிக்கும்போது, வளைவில் திரும்பும்போது, பள்ளத்தில் சக்கரம் மோதும்போது பக்கவாட்டு அடியும் விழுகிறது. உள்ளே இருக்கிற ராடு ஒரு பக்கமாகவே உரசி உரசி, ஆயில் சீல் தேய்கிறது. ஆயில் கசிகிறது. ஸ்ட்ரட்டின் உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு மண் ஒட்டியிருந்தால் அதுதான் அடையாளம். பானெட்டை அமுக்கி விட்டு எத்தனை தடவை ஆடுதுன்னு பார்க்கிற டெஸ்ட் எல்லாருக்கும் தெரியும். முழுசாச் செத்த ஸ்ட்ரட்டைத்தான் அது காட்டிக்கொடுக்கும். பாதி செத்தது பாஸாகிவிடும்.

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஸ்ட்ரட் முழுவதுமே சேர்ந்து திரும்புகிறது. அதனால் அதன் தலையில் ஒரு பேரிங், அதைச் சுற்றி ரப்பர் மவுண்ட். காரை நிறுத்தி வெச்சு ஸ்டீயரிங்கைச் சுத்தும்போது டொய்ங்னு ஸ்பிரிங் துள்ளுற சத்தம் வந்தா பெரும்பாலும் இந்த மேல் மவுண்ட்தான் குற்றவாளி. ஸ்ட்ரட் மாற்றும்போது காசைப் பார்த்து பழைய மவுண்ட்டையே திரும்பப் போடுபவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டி வரும். கூலி இரண்டு தடவை.

மேல் ஆர்ம் இல்லாததால் சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைக்கிற முழுப் பொறுப்பும் கீழே இருக்கிற அந்த ஒற்றை லோயர் ஆர்முக்கு. அதன் ரப்பர் புஷ் கிழிந்தால் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். அதன் முனையில் இருக்கிற பால் ஜாயின்ட் தேய்ந்தால் விஷயம் சீரியஸ். முழுவதும் கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். சத்தத்தோட வாழப் பழகிக்கலாம்னு நினைக்கிறவங்க இந்த ஒரு பார்ட்டையாவது உடனே பார்த்துடுங்க. லிங்க் ராடு தேய்ந்தால் சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம் வரும். சத்தம்தான் பெரிசு, செலவு சின்னது.

பால் ஜாயின்ட்டிலும் மெக்ஃபெர்சன் கதை இருக்கிறது. 1952-ல் அவர் ஃபோர்டின் தலைமைப் பொறியாளர் ஆனார். 1954 மாடல் ஃபோர்டு கார்களின் முன் சஸ்பென்ஷனில் பழைய கிங் பின்னுக்குப் பதிலாக பால் ஜாயின்ட் வந்தது. எல்லாத் திசையிலும் அசையக்கூடிய ஒரு உருண்டை, நம் தோள்பட்டை மூட்டு மாதிரி. ஆக, அமெரிக்கப் பெரிய கார்களில் ஸ்ட்ரட்டைக் கொண்டுவர முடியாவிட்டாலும் அவர் சும்மா இருக்கவில்லை. இன்ஜினீயரிங் துறையின் துணைத் தலைவர் பதவி வரை உயர்ந்து, 1958-ல் ஓய்வு பெற்றார். 1960-ல் இறந்தார். வயது 68.

அவர் பார்க்காத கார்கள்

அவர் இறந்த பிறகுதான் அந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. 1962-ல் பிஎம்டபிள்யூ 1500. அதன் பிறகு போர்ஷே 911. 1966-ல் முதல் டொயோட்டா கொரோலா. 1974-ல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப். ஆயிரம் டாலர் காருக்காக யோசித்த ஒரு சிக்கன வேலை போர்ஷேயில் போய் உட்கார்ந்ததுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி.

முன்சக்கர டிரைவ் கார்கள் பெருகியபோது ஸ்ட்ரட்டுக்கு இன்னொரு மவுசு வந்தது. மேல் ஆர்ம் இல்லாததால் நடுவில் நிறைய இடம். இன்ஜினைக் குறுக்கே படுக்க வைக்கலாம், சக்கரங்களுக்கு டிரைவ் ஷாஃப்ட் போக வழி இருக்கும். சின்ன கார் கம்பெனிகளுக்கு இதைவிட வேறென்ன வேணும்? கேடட்டைத் தூக்கிப் போட்ட அதே செவர்லே, 1980 மாடல் சைட்டேஷன் காரின் முன்பக்கத்தில் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டை மாட்டி விற்றது. 33 வருஷம் லேட்.

நம்ம ஊருக்கு வந்த கதை எல்லாருக்கும் தெரிஞ்ச கார்தான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ன் முன்சக்கரங்களுக்கு மேலே இருந்தது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஒரு நாட்டின் நடுத்தரக் குடும்பங்களுக்கு முதல் காராக அமைந்த ஒன்றில் அந்த யோசனை இருந்தது என்பது, அது எதற்காகப் பிறந்ததோ அந்த இடத்துக்கே வந்து சேர்ந்த மாதிரி. பிறகு ஆல்ட்டோ, சான்ட்ரோ, ஸ்விஃப்ட் என்று வரிசையாக எல்லாவற்றிலும் அதுதான்.

அவரோட சொந்த கம்பெனியான ஃபோர்டும் வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகர் ஆலையிலிருந்து 1999-ல் ஐகான் வெளிவந்தது. அதிலும் முன்பக்கம் இதே ஸ்ட்ரட். அந்த ஆலையில் கார் தயாரிப்பு 2022-ல் நின்றுவிட்டாலும், ஐகான், ஃபியஸ்டா, ஃபிகோ எல்லாம் இன்னும் ரோட்டில் இருக்கின்றன. அவற்றின் ஓனர்கள் ஸ்ட்ரட் தேடி அலைகிற கதையைத் தனியாகவே எழுதலாம்.

பழைய காருக்கு இந்த வேலையைச் செய்யப் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். ஸ்ட்ரட்டை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக்கில் கார் கோணும். ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கிற நடு நட்டை மட்டும் வீட்டில் ஸ்பேனர் இருக்கிறதென்று கழற்றிவிடாதீர்கள். ஸ்பிரிங் உள்ளே அமுக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் போடாமல் கழற்றினால் அது சீறிக்கொண்டு வெளியே வரும். எலும்பை உடைக்கிற வேகம். இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டின் கடைசி இறுக்கு, கார் தன் எடையோடு டயரில் நிற்கும்போது இருக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முழுசா இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். நிறைய ஷெட்களில் இதைக் கவனிப்பதில்லை. பக்கத்தில் நின்று கேளுங்கள், தப்பில்லை. கடற்கரை ஊர்க் கார் என்றால் பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட் மாட்டியிருக்கிற அந்தத் தகரத் தோளில் துரு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தோள் இத்துப் போயிருந்தால் புது ஸ்ட்ரட் வாங்கி மாட்டிப் பிரயோஜனம் இல்லை, தகர வேலைதான் முதல் வேலை.

எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட். பல கார்களில் ஸ்ட்ரட்டைச் சக்கரத்தோடு சேர்க்கிற இரண்டு போல்ட்டில்தான் சக்கரத்தின் சாய்மானமே இருக்கிறது. அதைக் கழற்றி மாட்டிய பிறகு அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால், அடுத்து டயர் கடைக்குத்தான் போகணும்.